மண் லாரி வருவதற்குள்

ஊரில் எல்லோருக்கும் அவள் ஸ்பேனர் அக்கா. புருஷன் மூட்டுவலியில் படுத்தபோது அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள். "குழாய் வேலையெல்லாம் பொம்பளைக்குச் சரிப்படுமா?" என்று இழுத்தவர்கள் வீட்டு அடைப்பையும் சேர்த்து இருபத்தாறு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், வேலை படு சுத்தம்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய பொழுதுபோக்கு மன்றம். அறுபது எழுபது வருஷத்துக்கு முன் மில்காரர்கள் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. மில் படுத்தது, மன்றமும் படுத்தது. அங்கே இருக்கும் நீச்சல்குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை, மண் கொட்டி மூடிக் கார் நிறுத்த விடலாம் என்று நகராட்சி முடிவெடுத்தது. கேட்டதும் அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா? குளிக்க இடமில்லாமல் பிள்ளைகள் எல்லாம் குவாரிக் குட்டையில்தான் விழுகின்றன. அவளுடைய மகளையே பதினொரு வயதில் அந்தக் குட்டையிலிருந்து நீலம் பாரித்துத்தான் தூக்கி வந்தார்கள். அவள் பிழைத்தாள். பிழைக்காத பிள்ளைகளும் உண்டு.

நேரே நகராட்சி இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

"நாலு காண்ட்ராக்டர் பாத்தாச்சும்மா. வால்வை இறுக்கி மூடிட்டுத்தான் தண்ணி விட்டாங்க. மறுநாளே காலி. தரை விரிசல் விட்டுப்போச்சு."

"நான் ஒரு தடவை பாக்கறேன் சார்."

"திங்கக்கிழமை மண் லாரி வருது. அதுக்குள்ள தண்ணி நிக்கட்டும், நானே நிறுத்திடறேன்" என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

வியாழக்கிழமை காலையில் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். நடன மண்டபத்தின் மரத்தரை காலுக்கடியில் அப்பளமாக நொறுங்கியது. சக்கரக் காலணி ஓட்டிய வட்டத்தில் முள்செடி ஆளுயரம். டிக்கெட் ஜன்னலில் குளவி கூடு கட்டியிருந்தது.

"அண்ணி, பாம்பு கடிச்சா நான் பொறுப்பில்ல."

"உன்னைப் பாத்தா பாம்பே ஓடிரும். வா."

குளத்தில் இறங்கி, ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்தாள். அரை நாள் தட்டினாள். எல்லாம் கணீரென்றுதான் பேசின. விரிசலாவது மண்ணாங்கட்டியாவது! பிறகு குளத்துக்கடியில் இருந்த பம்பு அறைக்குள் டார்ச்சோடு தவழ்ந்தாள். குளத்தைக் காலி செய்யும் பெரிய வால்வு அங்கேதான் இருந்தது. இறுக்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அதன் தண்டு ஒரு சாண் உயரம் வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூடினால் தண்டு உள்ளே அல்லவா போக வேண்டும்?

"அடப் பாவிகளா!" என்று கத்தியதில் மேலே நின்ற நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது இடப்பக்கம் திருப்பினாதான் மூடுற வால்வுடி! எந்த தேசத்துல செஞ்சதோ! நாலு பேரும் வழக்கம்போல வலப்பக்கம் இறுக்கி, மூடுறதா நெனச்சு நல்லாத் தெறந்து வச்சிட்டுப் போயிருக்கானுங்க!"

எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, திட்டி, இரண்டு பேரும் இரும்புக் குழாயை மாட்டித் தொங்கியதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் அது அசைந்தது. தண்டு அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. மன்றத்துக் கிணற்றில் மோட்டாரை இறக்கிச் சனிக்கிழமை வரை இறைத்தார்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் நாத்தனார் தன் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள்.

திங்கட்கிழமை நாலு லாரிகள் உறுமிக்கொண்டு வந்தன. இன்ஜினியர் படியிறங்கிக் குனிந்தார். வெயில் குடித்தது போக, தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து அரை விரல்கூட இறங்கவில்லை. கையை விட்டுத் துழாவினார், கோட்டைச் சுரண்டியும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நாலு பேர் பாத்தும் தெரியலையேம்மா" என்றார். பிறகு லாரிகளைப் பார்த்து, "வேணாம்ப்பா, திருப்புங்க!" என்று கையாட்டினார்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டாள்! நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

முதல் லாரிக்காரர் தலையை நீட்டினார். "சார், ஏத்தின மண்ணை நான் எங்க கொட்டுறது?"

இன்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"குவாரிக் குட்டையில கொட்டுங்க! இந்த நாலு லாரி பத்தாது. அது மேடாகுற வரைக்கும் கொட்டுங்க!"

லாரிக்காரர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா சொன்ன இடத்துல கொட்டுப்பா" என்றார்.