சேதி சொல்ல ஆள் வேண்டாம்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் மேடையில் அநேகமாக யாரும் சாவதில்லை. சாவு அரண்மனைக்குள் நடக்கும். சேதியாள் ஒருவன் வெளியே வந்து நடந்ததைச் சொல்வான். முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கில நாடகத்தில் இந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. கத்திக்குத்து, விஷம் எல்லாம் கண்ணெதிரே. கடைசிக் காட்சியில் மேடையெங்கும் பிணம். கோவையில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன்.

போன வருடம் அந்த வகுப்பின் நடுவேதான் கணபதியில் இருக்கும் அப்பா வீட்டிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது கண்ணு. கெளம்பி வா." எங்கள் பக்கம் போனில் செத்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். சீரியஸ் என்றாலே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மதியம் அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். பின்னாலேயே நானும் ஏறப் போனேன். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வாரதில்ல அம்மணி. நாங்க நல்லபடியா முடிச்சுப்போட்டு வந்து சொல்றோம்."

வந்து சொல்கிறார்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பெற்றவர் போவதை இன்னொருத்தர் வந்து எனக்கு ஒப்பிக்க வேண்டுமா?

"எனக்கு யாரும் சேதி சொல்ல வேண்டாங்க பெரியப்பா. நானே பாக்கோணும்."

"ஊரு என்ன பேசும்?"

"ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுங்களா? பேசட்டும்."

ஏறி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். கையைப் பிடித்து இறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வழியில்தான் ஒன்று உறைத்தது. நான் ஒப்பிட்டு ஒப்பிட்டு மெச்சிய அந்த இரண்டு மேடைகளிலும் பெண்ணுக்கு இடமே இல்லை. அங்கே தலைவிரித்து அழுத ராணிகள் அத்தனை பேரும் வேஷம் கட்டிய ஆண்கள்! பதினெட்டு வருடமாக அதை ஒரு மார்க் கேள்வியாகச் சொல்லிக் கடந்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

மின்மயானத்தில் பெரியப்பா மகன் கற்பூரம் ஏற்றினான். இரும்புக் கதவு மேலேறியது, அப்பா உள்ளே போனார். அழுதுகொண்டேதான் பார்த்தேன், ஆனால் கதவு இறங்கும்வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அம்மாவிடம் போனேன்.

"மொகத்த மூடித்தான் அனுப்புனாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, தொறந்துதான்..." என்று ஆரம்பித்தேன். சேதியாள் வேஷம் இப்போது எனக்கு. நாற்பத்தைந்து வருடம் அவரோடு வாழ்ந்தவளை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் வண்டியேறியிருக்கிறேன்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியாம்மா?"

"நீ எங்க கூப்பிட்ட?"

மறுநாள் காலை சாம்பல் வாங்கப் புறப்பட்டோம். பெரியப்பா தன் வழக்கப்படி காரின் முன்கதவைத் திறந்தார். மடியில் பால்சொம்போடு அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாச்சுங்க மாமா," என்றாள். "பின்னால ஏறிக்குங்க."