எவ்வளவு நிச்சயம்?

நாகவல்லி பார்த்தால் பார்த்ததுதான். மேனாம்பேட்டிலிருந்து பஸ் ஏறித் திருமழிசைக்கு வருகிறவள். பைக் பிரேக் பாகங்களை வார்க்கும் கம்பெனியில் கடைசி மேஜை அவளுடையது. விளக்கடியில் ஒரு திருப்பு திருப்புவாள். விரிசல் இருந்தால் சிவப்புக் கூடை, இல்லாவிட்டால் பெட்டி. அவள் பெட்டியில் போட்டதை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

தரம் பார்க்கும் பிரிவுக்கு மேனேஜராக வந்த கிருஷ்ணப்பிரியா ஒரு சோதனை வைத்தாள். நல்லதா கெட்டதா என்று சொன்னால் மட்டும் போதாதாம். அது எவ்வளவு நிச்சயம் என்று பத்துக்கு மார்க்கும் போட வேண்டுமாம்.

சூப்பர்வைசர் கலியமூர்த்தி நாகவல்லியின் காதருகே குனிந்தார். "இந்தாம்மே, எல்லாத்துக்கும் பத்துனே சொல்லு. கொறச்சி சொன்னா பேக்கிங்குக்குத் தள்ளிடுவாங்க."

இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஏழு என்பதும், எனக்குக் கண் தெரியவில்லை என்பதும் ஒன்றுதான்.

"நல்லது, பத்து. கெட்டது, பத்து." கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒன்று வந்தது. ஓரத்தில் மெல்லிய கோடு. விரிசலா, வெறும் கீறலா? திருப்பினாள், மறுபடி திருப்பினாள். முதுகு வேர்த்தது. இப்படிக் குழப்புகிற பீஸ் தினமும் வருவதுதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

"நல்லது," என்றாள். "பத்து."

கிருஷ்ணப்பிரியா தன் தாளைப் பார்த்தாள். "இதே பீஸ் டீக்கு முன்னாடியும் உங்ககிட்ட வந்துச்சு. அப்போ கெட்டதுன்னீங்க. அதுக்கும் பத்து."

நாகவல்லிக்குக் கோபம் வந்தது. "இன்னா மேடம், ஒரே பீஸ மாத்தி மாத்திக் குடுத்து மாட்டி உடுறீங்களா?"

"தப்பாச் சொன்னதுக்காகக் கேக்கலைங்க. கண்ணு யாரையும் ஏமாத்தும். இப்போ நிஜத்தைச் சொல்லுங்க, எவ்ளோ?"

கலியமூர்த்தி கண்ணாலேயே மிரட்டினார். நாகவல்லி அந்தக் கோட்டை இன்னொரு தரம் பார்த்தாள். அழுகை முட்டியது.

"நாலு மேடம். அதுக்கு மேல சொல்ல முடியாது."

"போச்சு!" கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

கிருஷ்ணப்பிரியா திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "இந்த மாதிரி சந்தேகமானது, பெட்டிக்குள்ள எவ்ளோ போயிருக்கும்?"

வாசலில், காலையில் அவள் பார்த்துப் போட்ட பெட்டிகளை ஏற்றிய லாரி உறுமியது. பேக்கிங்குக்குத் தள்ளட்டும், எங்கே வேண்டுமானாலும் தள்ளட்டும்! நாகவல்லி நாற்காலியை உதைத்துவிட்டு ஓடினாள்.

"நிறுத்துய்யா! எறக்கு! எல்லாத்தையும் எறக்கு!"