சாய்த்துப் பிடித்த கண்ணாடி

படத்தின் பின்புறம் நான் எழுதியிருக்கும் குறிப்பு: "பன்வில, தைப்பொங்கலுக்கு மறுநாள், சூரியன் மலைக்கு மேல் வருவதற்குச் சற்று முன். கெமராவின் பில்டர் கண்ணாடி கையால் சாய்த்துப் பிடிக்கப்பட்டது." கடைசி வாக்கியம் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பருக்காக எழுதியது.

அன்று நானும் அவரும் போனது ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு. மண்சரிவு அபாயம் என்று அதை இடிக்கப்போகிறார்கள். கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பம் அன்று காலையே புது வீட்டுக்குப் போகிறது. கொழுந்து பறிக்கும் அந்த வீட்டுப் பெண், முந்திய வாரம் எங்களை வழியில் கண்டபோதே வீட்டைப் படமெடுத்துத் தரக் கேட்டிருந்தார், இப்போதும் சொன்னார்.

"அண்ணே, வீடும் தெரியணும், பின்னால மலையும் தெரியணும். எங்க போன்ல எடுத்தா ஒண்ணு வீடு கரிச்சட்டி, இல்லாட்டி வானம் வெள்ள வேட்டி."

"நம்ம கல்யாணப் படத்துக்குக்கூட நீ இவ்ளோ கேக்கலியே," என்றார் சாமான் கட்டிக்கொண்டிருந்த கணவர்.

"அதுல பாக்க என்னா இருந்துச்சு?"

அவர் கேட்டது எளிதல்ல. விடிகாலையில் வானம் வெளுத்துவிடும். மலையடியில் வீடு இன்னும் இருட்டில் கிடக்கும். கெமராவால் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஈடுகொடுக்க முடியும். அதற்குத்தான் இந்தப் பில்டர்: மேல்பாதி கறுப்பு, கீழே வரவரத் தெளிந்து வெறும் கண்ணாடி. கறுப்பை வானத்துக்கு நேராக வைத்தால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். கடற்கரையில் இது சுலபம், அடிவானம் நேர்கோடு. எங்கள் பக்கத்தில் நேர்கோடு ஏது?

முதல் படத்தில், சரிவு உயர்ந்திருந்த பக்கம் மலையோடு கூரையும் கறுத்துவிட்டது.

"கூரைக்கு மேல மட்டும் மழ வாற மாதிரி ஈக்கிது," என்றார் நண்பர். லொறி வந்து ஹோர்ன் அடித்தது. "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி. அவசரப்பட்டா ஏலாது."

பில்டரைச் சட்டத்திலிருந்து உருவினார். லென்ஸுக்கு முன்னால் விரல் நுனிகளில் பிடித்து, மலை இறங்கும் சாய்வுக்கே சாய்த்தார். "இப்ப அமத்துங்க," என்றார். அழுத்தினேன். ஷட்டர் திறந்திருந்த சில விநாடிகளும் கண்ணாடியை மிக மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார், கறுப்பு முடியும் இடம் கோடாகப் பதியாதபடி. பில்டர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அந்தக் குளிரிலும் நடுங்காத விரல்களை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண் கெமராத் திரையில் குனிந்தார். கரிபிடித்த தகரக் கூரை, நீலக் கதவு, வாசலில் மூட்டைகள். பின்னால் மலையும் இளஞ்சிவப்பு வானமும்.

"அட, ரெண்டுமே இருக்கே!"

லொறியில் ஏறும்வரை திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு அனுப்பினோம். புது வீட்டின் முன்னறையில் அது தொங்குவதாகத் தோட்டத்தில் ஒருவர் சொன்னார். பழைய லயத்தை இடித்துவிட்டதாகவும் அவரே சொன்னார். நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை, போகவும் மனமில்லை. இரண்டாவது தகவல் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.