உச்சுக் கொட்டாதீர்கள்!

ச்சு… ச்சு… ச்சு…

போன வாரம் சுங்கைப் பட்டாணி பஸ் ஸ்டாண்டில் இந்தச் சத்தம். மழைச் சேற்றில் ஒரு பெரிய மனிதர் வழுக்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினோம். ‘ஐயோ பாவம்’ என்பதை நாக்காலேயே சொல்லிவிடுகிற ஜாதியல்லவா நாம்! அவர் எழுந்தார். வேட்டியைப் பிழியக்கூட இல்லை. நாங்கள் துரத்துவதுபோல ஓடியே போனார்.

எனக்கு அவர் பின்னால் ஒரு குதிரையும் ஓடுவது தெரிந்தது.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த காலம். ஊருக்குள் மோட்டார் கார் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. துரை குதிரையில்தான் மலைக்காடு சுற்றுவார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெரிய செம்பழுப்புக் குதிரை. எங்கள் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடியாகச் சின்னத்துரை கிடையாது. அந்தக் காலி வேலைக்கு ஜனங்கள் குதிரையை நியமித்துவிட்டார்கள். “சின்னத்தொரை வாராரு, ஒதுங்கு!”

பழைய குதிரைக்காரர் ஊருக்குப் போனதும் மாட்டு வண்டி ஓட்டிய முத்தையாவைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தார்கள். மாடும் குதிரையும் ஒன்றா? முத்தையா முன்னால் நடந்து இழுப்பார். அது பின்னால் இழுக்கும். திடீரென்று அவரையே தாண்டிப் பாயும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு நாள் தண்ணீர் ஓடும் கான் வரைக்கும் இழுபட்டார்… தோள் இறங்கிவிட்டது. அன்றைக்கே கற்றுக்கொண்டார்: கையில் சுற்றக் கூடாது, முன்னால் போகக் கூடாது, அதன் தோளோடு நடக்க வேண்டும். நேராக இழுத்தால் எந்த மனிதனும் ஜெயிக்க மாட்டான். அதன் மூஞ்சியை நம் பக்கம் திருப்பினால், பாய்கிற குதிரை நம்மையே சுற்றி வரும்.

எல்லாம் சரி. ஆனாலும் பாய்ந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

துரை கார் வாங்கினார். பட்டணத்து யாழ்ப்பாண டாக்டர் ஒருவர் குதிரையை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். துரை ஒரே பேச்சுப் பேசினார். அமைதியாக நடந்து போனால் டாக்டருக்கு. இன்னொரு தரம் பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கிக்கு. கூடப் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டியவன் நான்.

பயத்தில் முத்தையா வாய் கொள்ளாத வெற்றிலையோடு கிளம்பினார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். என்ன ஆச்சரியம்… சின்னத்துரை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடக்கிறார்! ரயில் கேட்டில் வண்டி ஊதிக்கொண்டு போனது. குதிரை காதை விடைத்தது, தலையைத் தூக்கியது. முத்தையா கயிற்றைக் கொஞ்சம் விட்டார், மூஞ்சியைத் திருப்பினார். நின்றுவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் முத்தையா வெற்றிலையைத் துப்பினார். கழுத்தைத் தடவினார்.

“ச்சு… ச்சு… பயந்துட்டியாடா ராசா?”

அவ்வளவுதான். குதிரை பாய்ந்தது. அவர் கூடவே ஓடி, திருப்பி, மூச்சு வாங்க நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“கிராணியாரே… நான் சொல்லித்தான் போறானா இவன்?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. துரை சவாரியில் செய்கிற அதே சத்தம்! அவர் ஊர்க் குதிரைப் பாஷையில் அதற்கு ‘போ’ என்று அர்த்தம். நம் பாஷையில் ‘பாவம்’.

“அடப்பாவி! இத்தன நாளா போ போன்னு நானே வெரட்டிட்டு, ஓடுறான்னு இழுத்திருக்கேன்லா!” சிரிக்கிறாரா அழுகிறாரா, தெரியவில்லை. இன்னொரு வெற்றிலையை அடைத்துக்கொண்டார்.

டாக்டர் வீட்டு வாசல். டாக்டர் ஆசையாய் இறங்கி வந்தார். வியர்வையில் நனைந்திருந்த குதிரையைப் பார்த்தார்.

“ச்சு… ச்சு… ச்சு… பாவம், நல்லாக் களைச்சுப் போச்சுது!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டாக்டரின் பூச்செடிகளுக்கு நடுவே முத்தையாவைச் சுற்றிக் குதிரை வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவர் இழுக்கவில்லை. கயிற்றை விடவும் இல்லை. ஒரு வட்டம். சின்ன வட்டம். இன்னும் சின்னது. நின்றது.

நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் மிதிபட்ட செடிகளைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

“அப்ப பிழை என்ர வாயிலயோ? சரி… நிக்கட்டும். துரையிட்டச் சொல்லும், நல்ல குதிரை எண்டு.”

நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்கிற சத்தம், கேட்கிற காதில் என்னவாகப் போய் விழுகிறது? பலசாலிகள் நம் கையைவிட்டு ஓடும்போதெல்லாம் பிடியை இறுக்குகிறோமே… வாயைக் கவனிக்கிறோமா?

முத்தையா கயிற்றை டாக்டர் கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. உச்சுக் கொட்ட என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது… அப்படியே ஒட்ட வைத்துக்கொண்டேன்.

“ஐயா, புல்லு முன்னப்பின்ன ஆனாலும் பரவால்ல. இவனப் பாத்து யாரும் பாவப்படாம பாத்துக்குங்க… நாங்க வாரோம்.”