ஒரு விரல் இடைவெளி

கதிர்வேல் அண்ணாச்சி போய்விட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய மைத்துனர் போன் செய்தார். நான் அழவில்லை. எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. "எந்த சைக்கிள்ல போயிருந்தாவ?" என்றுதான் கேட்டேன். "உங்க புது வண்டியிலதான்" என்றார். போனை வைத்துவிட்டு உடனே கிளம்பினேன்.

எட்டயபுரம் சாலையில் அவரோடு சைக்கிள் மிதித்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோவில்பட்டியில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய நீல நிற ரேஸ் சைக்கிளுக்கு வயது முப்பதுக்கு மேல். இரும்புக் குழாய், வளைந்த ஹேண்டில், தங்க நிறக் கோடு. அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் ஒருநாள், இடைசெவல் தாண்டிக் காட்டுப் பாதையில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் டயரில் அப்பி, சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் அடைத்து, எங்கள் எல்லோருடைய வண்டியும் நின்றுவிட்டது. அவருடையது மட்டும் உருண்டுகொண்டே போனது. போனவர் திரும்பி வந்து, குந்தி உட்கார்ந்து, என் சக்கரத்து மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்தார். "டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல ஒரு விரல் போகணும்வே. நம்ம மண்ணுக்கு அதான் கணக்கு" என்றார்.

பல வருஷம் கழித்து அதே மாடலைக் கம்பெனி மறுபடியும் கொண்டுவந்தது. அதே நீலம், அதே பெயர், அதே தங்கக் கோடு. ஊரில் முதலில் வாங்கியவன் நான். டீக்கடை முன்னால் நிறுத்தியதும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. நீலம் வெளுப்பு என்றார் ஒருவர். பழசைவிட எடை குறைவு, ஓட்ட சுகமாக இருக்கும் என்றார் இன்னொருவர். குரோம் இரண்டு மழைக்குத் தாங்காது என்றார் மற்றொருவர். அண்ணாச்சி மட்டும் குனிந்து, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"நெழல்ல நிறுத்திப் பாக்கதுக்கு நல்ல வண்டிவே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பழசுக்குப் போட்டி வந்துட்டுன்னு பொறாமை" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஓட்டிப் பார்க்காமல் குறை சொல்வது நியாயமா, ஒரு மாதம் வண்டியை மாற்றிக்கொள்வோம் என்று சவாலும் விட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை. "சரிவே. மாசம் முடிஞ்சு சொல்லுதேன். அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுவாரமே ஐப்பசி மழை பிடித்தது. வண்டியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று தினமும் நினைப்பேன். வாங்கினால் தோற்றதாக ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். என் வீட்டு வாசலில் அவருடைய பழைய சைக்கிள் நின்றது. வானம் கருக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன் வந்த அன்று அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே பயம்தான். சக்கரம் இறுகி ஆளைத் தூக்கி எறிந்திருக்குமோ? போய்ப் பார்த்தால் உடம்பில் ஒரு கீறல் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவர் உடம்போடு கூடவே வந்திருந்தார். மற்றதை அவர்தான் சொன்னார். பாலம் வேலைக்காக அந்தப் பக்கத்துச் சாலையைக் கரிசல் காட்டு வழியாகத் திருப்பி விட்டிருந்தார்களாம்.

"பத்தடி உருட்டுனா மண்ணு அடச்சுக்கிடுது. குச்சிய வச்சு நோண்டி நோண்டிப் பாத்தாவ. 'இங்கன போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னேன். 'என் வண்டின்னா போட்டுட்டு வந்துருவேன்பா, இது இன்னொருத்தரு ஆசையா வாங்குனது'ன்னு தோள்ல தூக்கிக்கிட்டாவ. தார் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்து, பஸ் ஸ்டாப் செவுத்துல பதனமாச் சாத்தி வச்சிட்டுத்தான் உக்காந்தாவ. பெறகு எந்திரிக்கல."

அண்ணாச்சியின் மனைவியான மதினியிடம், வண்டியைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல தம்பி. நானும் கேட்டேன். மாசம் முடியட்டும்னாவ."

பழைய சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோனபோது மதினி வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கன யாரு ஓட்டுவா? நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. மழை நாளில் அதைத்தான் எடுக்கிறேன். பக்கத்தில் என் புதிய வண்டி, அவர் தோளில் வந்த அன்று ஒட்டிய மண் காய்ந்தபடியே நிற்கிறது. கழுவ மனம் வரவில்லை.

அதைப் பற்றி நீங்கள் யாரும் இப்போது என்னிடம் கருத்துக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். விரல் போகாது. அன்று டீக்கடை முன்னால், அவர் நிமிர்வதற்குள் நானும் குனிந்து விரலை விட்டுப் பார்த்திருந்தால் போதும், சவாலே விட்டிருக்க மாட்டேன்.