தகடு அடித்த பலகை

எங்கள் ஓடம் இலுப்பை மரத்தில் செய்தது. திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் எங்கள் துறை. பாலம் தூரத்தில் இருந்தது. அக்கரைக்குப் போக எங்களை விட்டால் ஆள் கிடையாது. எழுபதுகளின் கடைசி வருஷங்களைச் சொல்கிறேன்.

ஓடம் என் மாமனாருடையது. அவர் போன பிறகு பாதி மச்சானுக்கு, பாதி என் வீட்டுக்காரிக்கு. அவள் பாதியை நான் ஓட்டினேன். மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். நான் மூன்றாவது வரை படித்தேன். மச்சான் அதுவும் இல்லை. ஆனால் ஓடத்தைப் பார்த்துக்கொள்வதில் நாங்கள் சோம்பியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததைக் கேட்டு, ஒழுங்காகப் பராமரிக்காத ஓடம் என்று நினைத்துவிடுவீர்கள்.

பங்குனியில் ஆறு மணலாகிவிடும். ஓடத்தைக் கரை ஏற்றிக் கட்டைகளின் மேல் கவிழ்ப்போம். மேலே கீற்று போடுவோம். வெயில் நேராகப் பட்டால் பலகை வாய் பிளந்துவிடும். சித்திரையில் பாசியையும் பழைய பிசுக்கையும் சுரண்டுவோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள பழைய பஞ்சைத் தோண்டி எடுத்து, புதுப் பஞ்சைத் திரித்து உளி வைத்துத் திணிப்போம். அதன்மேல் குங்கிலியம் காய்ச்சி ஊற்றுவோம். கடைசியாக முந்திரிக்கொட்டை எண்ணெய். ஆண்டிமடத்திலிருந்து டின்னில் வரும். கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும். மரத்துக்கு நல்லது, கைக்கு ஆகாது. பட்ட இடம் வெந்து தோல் உரியும். சித்திரை முழுக்க மச்சான் கரண்டியில்தான் சோறு சாப்பிடுவார்.

தண்ணீர் வந்ததும் ஆள் ஏற்ற மாட்டோம். ஓடத்தைக் கரையோரம் முக்கி வைப்போம். பலகை தண்ணீர் குடித்து உப்பி, இடுக்கெல்லாம் தானாக இறுகும். பிறகு இறைத்துவிட்டு வெறும் ஓடமாக ஒரு நடை போய் வருவோம்.

பாயும் இருந்தது. காடாத்துணியில் தைத்தது. ஆவாரம்பட்டை போட்டு வேகவைத்த தண்ணீரில் வருஷம் ஒருமுறை ஊறப் போடுவோம். இல்லாவிட்டால் மக்கிவிடும். பட்டை வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வரும். ஐப்பசிக்கு மேல் கிழக்கிலிருந்து கீழ்க்காற்று அடிக்கும்போது, வெள்ளம் இழுத்துக்கொண்டு போன ஓடத்தை மேலே கொண்டுவர அந்தப் பாய்தான். ஆடியில் மேல்காற்று. அப்போது பாய்க்கு வேலை இல்லை. சுருட்டி ஓடத்துக்குள்ளேயே கிடக்கும்.

மாமனார் வெளிப்பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டால் அதற்கு மேல் யாரையும் ஏற்றக் கூடாது. அதற்காக நாங்கள் வாங்காத திட்டு இல்லை. ஏற்றியதும் இல்லை.

இவ்வளவும் செய்தோம். ஒரு பலகையை மட்டும் நாங்கள் தொடவில்லை.

ஆஸ்பத்திரி தென்கரையில். ஆற்றில் தண்ணீர் இருக்கும் காலத்தில் பிரசவத்துக்கு எங்கள் ஓடத்தில்தான் கொண்டுபோவார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பினால், அந்த வருஷம் ஆடிப் பதினெட்டில் ஓடத்துக்கு ஒரு தகடு. உள்ளங்கை அகலத்தில் பித்தளையோ செம்போ, பிள்ளை உருவம் போட்டது. அதை ஓடத்தின் உள்பக்கம் மேலிருந்து இரண்டாவது பலகையில், வெளியே தண்ணீர் படுகிற மரத்தில், ஆணியால் அடிப்பார்கள். அடிப்பது பிள்ளையின் தாய்மாமன். அடிக்கும் இடம் நடு ஆறு. ஓடம் தள்ளும் கழி தரை தொடாத இடத்துக்கு வந்த பிறகுதான் சுத்தியலை எடுப்பார்கள். தாயும் பிள்ளையும் கூட இருக்க வேண்டும். தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்வார்கள்.

மாமனார் காலத்துக்கும் முன்னால் தொடங்கிய பழக்கம். அந்தப் பலகையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொஞ்சம் முன்வரைக்கும் தகடுகள். அதை யாரும் சுரண்டுவதில்லை, தட்டிப் பார்ப்பதில்லை. சித்திரையில் தகடுகளைச் சுற்றி எண்ணெய் தடவுவோம். சாமி இடம் என்று விட்டுவிடுவோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பெண். தை மாதம் ஆற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. வலி எடுத்தவளை நானும் மச்சானும்தான் அக்கரைக்குக் கொண்டுபோனோம். பிள்ளையோடு திரும்பினாள். ஆடிப் பதினெட்டுக்குத் தகடு என்று அப்போதே சொல்லிவிட்டாள். எனக்கும் சம்மதம். பிள்ளை இருந்தால் போதும் என்று இருந்தேன்.

அந்த வருஷம் ஆடியில் புதுத்தண்ணீர் கரை தொட்டுப் போனது. செக்கச்செவேல் என்று. பதினெட்டாம் நாள் பின்னால் துடுப்பில் நான். முன்னால் மச்சான். நடுவில் என் வீட்டுக்காரி, மடியில் பிள்ளை. கோயிலுக்குப் போகிற நாலைந்து பேர். வெற்றிலை விற்கும் ஓர் அம்மாள் கூடையோடு வந்திருந்தார். கனத்த உடம்பு, பெரிய வாய். கோடு தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. பார்த்துத்தான் எடுத்தேன்.

கழி தரை தொடாத இடம் வந்தது. மச்சான் கழியைக் கிடத்திவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

"பாப்பாவுக்கு ஒரு மோதிரம் போடுன்னா மூச்சு வல்ல. தகரத்த அடிக்க மட்டும் சுத்தியலோட வந்துட்டாரு தாய்மாமன்" என்றார் வெற்றிலைக்கார அம்மாள்.

"ஒன் வாயில ஒரு தகடு அடிச்சாத்தான் ஆத்தா இந்த ஓடம் சத்தம் இல்லாம போவும்" என்றார் மச்சான்.

"அடி, அடி. ஆணி பத்தாது, கடப்பாற கொண்டா."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். "அண்ணே, அந்தக் கடைசித் தகட்டுக்குப் பக்கத்துல. வரிசை தப்பாம அடி" என்றாள்.

மச்சான் தகட்டை வைத்தார். ஆணியை வைத்தார். ஒரே அடி.

சுத்தியல் சத்தம் எனக்குத் தெரியும். அது இல்லை இது. காய்ந்த கிளை முறிகிற சத்தம். அது நிற்கவில்லை. அடித்த இடத்தில் தொடங்கி அந்த முனை வரைக்கும் ஓடியது. அது ஓட ஓடத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கலகலவென்று ஆடின. பிறகு தகடுகளுக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. கோடு முழுக்கத் தண்ணீர்.

எதைப் பார்க்கிறோம் என்றே தெரியவில்லை. பித்தளைப் பிள்ளைகளின் காலடியில் சிவப்புத் தண்ணீர் துணி விரித்த மாதிரி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு நேரமோ. மச்சான் கையில் சுத்தியல் அப்படியே தூக்கின மாதிரி நின்றது.

பிள்ளை செருமியது. அதில்தான் எனக்கு உணர்வு வந்தது.

"எல்லாரும் கெழக்குப் பக்கம் போங்க. எந்திரிக்காதீங்க. உக்காந்தே நவுருங்க" என்றேன்.

உடைந்தது மேற்குப் பக்கம், தண்ணீர் வருகிற பக்கம். கனத்தைக் கிழக்கே தள்ளினால் இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கும். விரிசல் தண்ணீர் மட்டத்துக்கு வரும். நின்றால் மட்டும் போச்சு. ஓடத்தில் நிற்கிறவன்தான் கவிழ்க்கிறவன்.

நகர்ந்தார்கள். என் வீட்டுக்காரி பிள்ளையைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"மச்சான். பாய்."

மச்சானுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "சுத்தியல போடு. பாய எடு. வெளிய உடு."

சுருட்டிக் கிடந்த பாயை இருவரும் பிரித்து, மேற்குப் பக்கம் வெளியே இறக்கினோம். கீழ் ஓரத்தில் மூங்கில் கட்டியிருந்ததால் அது இறங்கியது. வேகமாக வந்த தண்ணீரே துணியை விரிசலோடு அப்பியது. உள்ளே வருவது குறைந்தது. நிற்கவில்லை. குறைந்தது. மச்சான் தகர டின்னை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

வெற்றிலைக்கார அம்மாள் பாயின் மேல் ஓரத்தைப் பிடிக்க இந்தப் பக்கம் வந்தார். "நான் அமுக்குனா எந்தத் துணியும் நவுராதுப்பா."

"ஆத்தா, நீ அங்கதான் இருக்கணும். ஒன் கனத்த நம்பித்தான் ஓடம் நிக்கிது."

வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குத் திட்டியிருப்பார். பேசாமல் திரும்பிப் போய், வெற்றிலையைத் தண்ணீரில் கொட்டிவிட்டுக் கூடைக்குள் இருந்த பித்தளைச் சட்டியால் இறைத்தார்.

நேராகப் போக முடியாது. வெள்ளம் இழுத்த பக்கமே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே ஒதுக்கினேன். எங்கேயோ ஒரு நாணல் காட்டில் ஓடத்தின் மூக்கு முட்டியது. எல்லாரையும் இறக்கினோம். இறங்கின பிறகுதான் ஒருவர் அழ ஆரம்பித்தார். பிள்ளை, தகட்டைச் சுற்றி வந்த மஞ்சள் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் காலில்கூட ஈரம் இல்லை.

அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு தகடாக மச்சான் நெம்பினார். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரம் கறுத்து, விரலால் கிள்ளினால் வெல்லம் மாதிரி உதிர்ந்தது. ஆணிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில், மரத்தின் ரேகையோடு. தபால்தலை கிழிக்க ஓட்டை போட்டிருப்பார்களே, அது மாதிரி. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருந்த மரம்தான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மரமும் பாதிக்கு மேல் பழைய வெடிப்பு. உள்ளே எண்ணெய் இறங்கிக் கறுத்திருந்தது. நாங்கள் தடவிய எண்ணெய். வருஷா வருஷம் விரிசலுக்குள்ளேயே தடவியிருக்கிறோம்.

தச்சர் ஆணி இறக்கினால் முதலில் துளை போடுவார். துளையில் எண்ணெய் விடுவார். ஒரே ரேகையில் அடுத்தடுத்து அடிக்க மாட்டார். இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று, வரிசை தப்பாமல் அடிக்கச் சொல்லியிருக்கிறோம். முந்தின நாள் அந்தப் பலகையோடு ஒரு கோயில் கூட்டம் ஏறியிருந்தது. தையில் என் வீட்டுக்காரி வலியோடு அதில்தான் சாய்ந்திருந்தாள். சாய்ந்த இடத்தை அவளே கை வைத்துக் காட்டினாள். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. போய் மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

பலகை மாற்றினோம். தகடுகளைக் கம்பியில் கோத்துப் பாய்மரத்தில் கட்டினோம். ஊரில் முணுமுணுப்பு. ஓடத்துக்குச் சக்தி போய்விட்டது என்றார்கள். சிலர் சுற்றிக்கொண்டு பாலத்துக்கே போனார்கள். பாய்மரத்தின் அடியில் ஒரு பனங்கட்டையைக் கட்டி வைத்தேன். தகடு அடிக்கிறவர்கள் அதில் அடிக்கட்டும் என்று.

அடுத்த ஆடிக்கு என் வீட்டுக்காரி தகட்டோடு வந்தாள். அவள் வேண்டுதல் பாக்கி. கட்டையைப் பார்த்தாள்.

"தண்ணி படுற மரத்துலதான அடிக்கணும்."

கட்டையை அவிழ்த்து, ஆற்றில் முக்கி எடுத்து வைத்தேன். "பட்டுடுச்சி."

அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் அடித்தார். பிள்ளை ஓடத்தில் நின்றுகொண்டு கை தட்டியது. உட்கார வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். காலையில் முதல் நடைக்கு முன்னால் எல்லாப் பலகையிலும் உள்ளே கை வைத்துத் தடவிப் பார்ப்பேன். சாமி இடம், ஆசாமி இடம் என்று பார்ப்பதில்லை.

ஆவணி பிறந்திருக்கும். புதுப் பலகையில் கை ஓடும்போது ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். தகடு. பளபளவென்று புதுசு. பழைய வரிசை எங்கே தொடங்கியதோ அதே இடம்.

மச்சான் கரையில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்கு மச்சான்?"

"ஒண்ணே ஒண்ணு மாப்ள."

"எதுக்குங்கிறன்."

"அன்னிக்கு அடிச்சது நானு. பலகதான் போச்சி, புள்ள போவல. அதுக்கு ஒண்ணு அடிக்க வேணாமா? கட்டையில அடிச்சா ஓடத்துக்கு எப்புடித் தெரியும்?"

அந்த மனுஷன் அன்றைக்குக் கையில் சுத்தியலோடு நின்றதை நான் பார்த்தவன். கூடச் சேர்ந்து தகடுகளை நெம்பினவர் அவர்.

"தொள போட்டுத்தான் அடிச்சன்" என்றார். "எண்ணெயும் உட்டன்."

ஓடத்தைச் சுற்றி வெளிப்பக்கம் போனேன். ஆணியின் முனை பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய். பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் இறங்கியது.

துறையில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் வந்திருந்தாள். இன்றைக்கு ஓடம் இல்லை, பாலத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். மச்சான் குறடு எடுத்து வந்தார்.