கண்ணுக்குத் தெரியாதவளுக்கு நாற்பத்து மூன்று ஆப்சென்ட்

எங்கள் வாளித் தொழிற்சாலையின் நேர அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘மூணு நிமிஷம்’. எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு மூன்று வரை பொறுப்பார். எட்டு நாலுக்கு வந்தால் மழையா, பஸ் பழுதா, மாமியாருக்கு நெஞ்சுவலியா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்து அரை நாள் போட்டுவிட்டு, மூடியைத் திருகி மறுபடியும் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்.

நான் எதிர் மேஜை. விடுப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை செருப்பு வார் அறுந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக எட்டு நாலுக்கு உள்ளே வந்தேன். மனுஷர் செருப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அரை நாள் போட்டார். இத்தனைக்கும் அவர் குடும்பம் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில்தான் இருக்கிறது. அந்த அரை நாளுக்கும் நான் இந்தக் கதையைச் சொல்ல வந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன்.

அவர் மட்டும் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஏழரைக்கே வந்து பதிவேட்டைத் துடைத்து வைத்துவிடுவார். விதிப்படி அவர் வராவிட்டால் அன்றைக்குப் பதிவேட்டை எடுக்க வேண்டியவள் நான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, நான் அதற்குத் தயாராக இருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். அவள் பட்டம் வாங்கிய நாளில் விழா பத்து மணிக்கு. இவர் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டு, மணிக்கணக்குப் பர்மிஷன் அவர் பொறுப்பு என்பதால் அதைத் தானே பரிசீலித்து, அன்றைக்கு ஆடிட் இருக்கிறது என்று தானே நிராகரித்துவிட்டார். மதியம் மனசு கேட்காமல் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுக்க மடித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊர்ல எல்லாரோட வருகையையும் கணக்கெடுக்கிறீங்கல்லப்பா. நம்ம வீட்டுல உங்க வருகை எவ்வளவுன்னு ஒரு நாள் எடுத்துப் பாருங்க.”

அடுத்த மாதமே வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் அம்மாவிடம் போனில் பேசுவாள். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் அங்கே இருப்பது தெரியட்டும் என்று தொண்டையைச் செருமுவார். அவள் அப்பாவைக் கேட்க மாட்டாள். இப்படியே எட்டு மாதம் போயிற்று. அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் செருமல் எங்கள் வீட்டுக் கூரை வழியாகக் கேட்கும்.

“அவகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்று ஒருநாள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

“அவளுக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சாதான பேசறதுக்கு? அந்தப் புஸ்தகத்தையாவது எடுத்துப் படிங்க. பதினாலு இருக்கு. தூசி தட்டறது நான்தான்.”

அந்தப் பதினாலும் சித்திரக் கதைத் தொகுப்புகள். உலகத்தைக் காப்பாற்றும் ஏழு பேர் கொண்ட அணியின் கதை. ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு இதழ், ஆக நூற்று அறுபத்தெட்டு. மகள் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. அவள் அலமாரிக் கதவில் ஒரு படமும் ஒட்டியிருந்தாள். வெறும் வெள்ளைத் தாள், சுற்றிலும் கறுப்புக் கட்டம். அதை மகள் பாதியில் விட்ட படம் என்றே இவர் ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

மனுஷர் முதல் தொகுதியை ஒரு கோப்பைத் திறப்பதுபோலத் திறந்தார். நாலு பக்கம் தாண்டவில்லை, குமாஸ்தா புத்தி தலைதூக்கிவிட்டது. அலுவலகத்திலிருந்து பழைய வருகைத் தாள்களை எடுத்துப் போனார். ஓர் இதழ் என்றால் ஒரு வேலை நாள். இடது ஓரத்தில் ஏழு பேரின் பெயர். கறுப்பு மையில் ஆஜர், சிவப்பு மையில் ஆப்சென்ட். ஊரே இடிந்து விழுந்துகொண்டிருக்கும் பக்கத்தில் இவர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி வந்து என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

சந்தேகங்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்கவிடமாட்டார்.

“மேடம், ஒருத்தர் கடமையில செத்துப் போயிடறார். அடக்கம்கூட ஆயிடுது. மூணாவது மாசம் வேலைக்கு வந்து நிக்கிறார். சர்வீஸ் தொடருமா, புது நியமனமா?”

“இடைப்பட்ட நாளை மருத்துவ விடுப்பா வச்சுக்கலாம் சார்.”

“சான்றிதழ் வேணுமே. செத்ததுக்குத்தான் சான்றிதழ் இருக்கு.”

இன்னொருவர் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தன்னையே சந்திக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஓர் ஆஜரா, இரண்டா? ஒருத்தி கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து வருகிறாள். கேட் வழியாக வராதவளுக்கு எப்படி நேரம் குறிப்பது? அணித் தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே இவருக்கு முகம் சிவந்துவிடும். அந்த ஆள் பாதி நகரம் தரைமட்டமான பிறகுதான் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்து நிற்பான். வந்ததும் ஒற்றுமை பற்றி ஒரு பக்கம் பேசுவான். மற்றவர்கள் ரத்தம் ஒழுக நின்று கேட்பார்கள். எங்கள் பொது மேலாளரை நான் நினைத்துக்கொண்டேன். அவரும் நினைத்திருப்பார், சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் பதினாலு தொகுதியும் முடிந்தது. மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘பொருள்: அணியின் வருகை – தொடர்பாக’ என்று தலைப்பு. கீழே பட்டியல். தலைவர், நூற்று அறுபத்தெட்டு நாளில் தொண்ணூற்றேழு நாள் தாமதம், விளக்கம் கோரப்பட வேண்டும். கடைசியில் ஒரு தனிப் பத்தி: அணியிலேயே மோசமான பதிவு கண்ணுக்குத் தெரியாதவள் என்பவருடையது, நாற்பத்து மூன்று நாள் குரல்கூடக் கேட்கவில்லை, ஆப்சென்ட், முன்னனுமதியும் இல்லை, அணியில் வைத்திருப்பது பற்றி மறுபரிசீலனை தேவை. ‘தங்கள் அன்புள்ள அப்பா’ என்று முடித்து, அதன் கீழே நாள், இடம், கையெழுத்து. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்.

எனக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பதினைந்து வருஷமாகப் பெண் எந்தப் பாத்திரத்தின் மேல் உயிரை வைத்திருக்கிறாளோ அவளை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி அப்பா பரிந்துரை எழுதுகிறார். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாள் யாருடைய படம் என்று அந்தக் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சொல்லியிருக்கலாம். செருப்பு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் வந்து செல்போனை என் மேஜையில் வைத்தார். மகள் அனுப்பியது. பதினோரு மாதத்தில் அவருக்கென்று வந்த முதல் செய்தி. ஒரே வரி.

‘அவ அங்கதான் இருந்தாப்பா. நீங்கதான் பாக்கல.’

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் டப்பாவைத் திறக்காமலே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்கப் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அந்த ஆள்மேல் பாவமாக இருந்தது.

அன்று மாலையே பதினாலு தொகுதிகளையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை சண்டைகளைப் பார்க்கவில்லை. சண்டைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தார். கூட்டம் நடக்கும் அறையில் ஒரு நாற்காலி மட்டும் லேசாக இழுக்கப்பட்டிருக்கும். மேஜையில் ஏழு கோப்பை இருக்கும், ஆறு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். எதிரியின் துப்பாக்கி தானாகக் கை தவறி விழும், தலைவன் அது தன் சாமர்த்தியம் என்று நெஞ்சை நிமிர்த்துவான். புழுதியில் வெறுங்காலின் தடம் ஒன்று. அடிபட்டுக் கிடப்பவனின் தலைக்கு அடியில் எங்கிருந்தோ மடித்து வைத்த துணி. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது நாளிதழ்ப் புதிர்ப் போட்டியில் ஜெயித்தவர் மாதிரி மாடியில் அவர் எழுந்து நடப்பது எங்களுக்குக் கேட்கும்.

எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைத் திருத்துவதற்கு முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. தப்பின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பம் போட வேண்டும். அடியில் எழுதியிருந்த தப்பு கடைசிவரை தெரிய வேண்டும். அவர் அப்படியே செய்தார். நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டு இடத்தில் ஒற்றைக் கோடும் சுருக்கொப்பமும். ஒன்றுமட்டும் எவ்வளவு தேடியும் சிக்கவில்லை. அந்தப் பக்கங்களின் முன்னால் பூதக்கண்ணாடியோடு ஒரு வாரம் கிடந்தார்.

திருத்திய தாள்களை மகளுக்கு அனுப்பவில்லை. ‘ஒரே ஒரு இதழ்ல மட்டும் கண்டுபிடிக்க முடியல. வந்து காட்டறியா?’ என்று கேட்டு அனுப்பினார். பொருள், தேதி, இடம் எதுவும் இல்லாமல் அந்த மனுஷர் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். அம்மாக்காரி என்னையும் மேலே கூப்பிட்டாள், அப்பாவும் மகளும் தனியாக இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில். மகள் பையைக்கூட இறக்காமல் அந்த இதழை வாங்கிப் புரட்டினாள். இவர் பக்கத்தில் பென்சிலோடு நின்றார்.

“இதுல அவ வரலப்பா. நெஜமாவே வரல.”

“அப்ப அது ஆப்சென்ட்தான?”

“ஆப்சென்ட்தான்.”

அவருக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. ஒன்றாவது சரியாகப் போட்டிருக்கிறார். மகள் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அந்தக் கோப்பை, அந்தக் கால் தடம், எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு வைத்திருந்தார். ஓரிடத்தில் நின்று, “இது எனக்கே தெரியாது” என்றாள். கடைசித் தாளுக்கு வந்தபோது அவர் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

அந்தத் தாளில் அணி இல்லை. இடது ஓரத்தில் ‘அப்பா’ என்று ஒரே ஒரு பெயர். மேலே தேதிகள். பள்ளி ஆண்டு விழா. காதில் அறுவை நடந்த நாள். ஓட்டப் பந்தயம். பட்டமளிப்பு. எல்லாம் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. கட்டங்கள் முழுக்கச் சிவப்பு. எங்கோ நாலைந்து கறுப்பு. எட்டிப் பார்த்த எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்.

நெடுநேரம் பார்த்தாள். சமாதானமாக ஏதாவது சொல்வாள், அதெல்லாம் ஒன்றுமில்லை விடுங்கப்பா என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“இதுல திருத்த ஒண்ணுமில்லப்பா. சரியாத்தான் போட்டிருக்கீங்க.”

“ஆமா” என்றார்.

பிறகு அவள் அவர் சட்டைப் பையில் இருந்த அளவுகோலை எடுத்து, கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தாள். மேலே அன்றைய தேதியை எழுதினாள். கறுப்புப் பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் டம்ளர் கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நான் எட்டு மணிக்குப் போனபோது நேர அலுவலகம் பூட்டியிருந்தது. கேட்டில் ஆட்கள் கூடி நின்று, யாரோ செத்துவிட்ட மாதிரி கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். விதிப்படி நான் திறந்து பதிவேட்டை எடுத்தேன். மகளுக்கு ஏழே முக்காலுக்கு ரயில். ஏற்றிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது எட்டு முப்பத்தொன்று. சட்டையெல்லாம் வியர்வை. கையில் பிளாட்பாரம் டிக்கெட்.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், சிவப்புப் பேனாவைத் திறந்து அரை நாள் போட்டேன். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பத்தோரு வருஷமாகச் சிவப்பே படாத வரிசையில் அது பளிச்சென்று தெரிந்தது.

“சரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம்” என்றார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.